சி கோடு எல்லாருக்கும் வரும்

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. என்னோடு நுண்ணுயிரியல் படித்த அனுப்பிரியா ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். கொரோனா முதல் அலை கொஞ்சம் தணிந்த சமயத்தில், பனியன் கம்பெனிகளுக்குப் போய், கிருமி வந்து போயிருக்கிறதா என்று பார்க்கும் ஆன்டிபாடி பரிசோதனை செய்துவிட்டு வருவாள். ஒரு கம்பெனியில் பரிசோதனை அட்டையைப் பார்த்த யாரோ, "சி-ன்னா கொரோனாதானுங்களே?" என்று கேட்டார்களாம்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அப்புறம் எல்லாருக்கும் பப்ஸ் கொடுத்தார்கள் என்றாள்.

மீதியை நானே தைத்துக்கொண்டேன். எங்காவது பிசிறு தெரிந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

2

முதல் வரிக்கு மூன்று சாம்பிள் போட்டேன்.

முதலிபாளையத்தில் அன்று காலை சூரியன்— (வேண்டாம். சூரியனுக்கு இதில் வேலை இல்லை.)

ஒரு கிருமி உடலுக்குள் நுழைந்ததும் அதை எதிர்க்கும் புரதங்கள்— (இதைப் படித்துத்தான் நான் டிகிரி வாங்கினேன். நீங்களும் ஏன் கஷ்டப்பட வேண்டும்?)

சித்ராதேவி விரலை நீட்டினாள். (இது இருக்கட்டும்.)

சித்ராதேவி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் தங்கதுரை என்பவரின் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஊரடங்குக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வந்த அதே வாரம் முதலாளி தங்கதுரைக்குக் காய்ச்சல். ரசத்துக்கும் சுடுதண்ணிக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாமல் போனது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்துவிட்டார். ஆனால் 'தெற்கத்திக்காரிதான் கொண்டாந்து உட்டுட்டா' என்ற பேச்சு மட்டும் ஒரு நாளும் படுக்கவில்லை. டீ நேரத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்தார்கள். அவள் குடியிருந்த லைன் வீட்டின் சொந்தக்காரர் ரூமைக் காலி பண்ணச் சொன்னார்.

(ஊருக்கே போய்விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். தம்பிக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து அது தம்பி வீடு.)

ஒன்றரை மாதம் கழித்து, சரக்கு வாங்கும் பையர் கேட்டார் என்று கம்பெனியில் பரிசோதனை முகாம் வைத்தார்கள். எல்லார் முன்னாலும் சித்ராதேவி முதலாளியிடம் ஒரு பந்தயம் போட்டாள்.

"எனக்கு வந்திருந்தா இந்த அட்டையில தெரியும்லா மொதலாளி? தெரிஞ்சா இன்னைக்கே பெட்டியக் கட்டிருதேன். தெரியலன்னா, அதுக்கப்புறம் ஒருத்தரும் வாயத் தொறக்கப்பிடாது."

தங்கதுரை சரி என்றார். எல்லாரும் மிஷினை நிறுத்திவிட்டு வந்தார்கள்.

3

அட்டையோடு வந்த லேப் பெண்ணுக்கு இந்துமதி என்று பெயர் வைத்தேன். இவள் மேல்தான் எனக்குச் சந்தேகம். பேசவே மாட்டேன் என்கிறாள். இரண்டாவது வடிவத்தில் அவளுக்குக் கணீரென்ற குரல் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த பத்திக்குள் பழையபடி முனகத் தொடங்கிவிட்டாள். (எழுதுகிறவளைப் போல என்று நினைக்கிறீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள், வெளியே சொல்ல வேண்டாம்.)

அதனால் அவள் சொல்லியிருக்க வேண்டியதை அடிக்குறிப்பாக நான் சொல்கிறேன்.

* அட்டையில் மூன்று எழுத்துகள்: சி, ஜி, எம். சி கோடு எல்லாருக்கும் வரும். அட்டை ஒழுங்காக வேலை செய்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம். எம் கோடு வந்தால், பெரும்பாலும் கிருமி சமீபத்தில் வந்திருக்கிறது. ஜி கோடு வந்தால், வந்து சில வாரமாவது ஆகியிருக்கும். இரண்டும் வராவிட்டால்? அதற்குத்தான் இந்தக் கதை.

இந்த அடிக்குறிப்பை நீங்கள் படித்துவிட்டீர்கள். கம்பெனியில் யாரும் படிக்கவில்லை.

4

எம் என்ற எழுத்தைத் திருப்பூரில் யாரிடம் காட்டினாலும் என்ன சொல்வார்கள்?

சூப்பர்வைசர் வேல்குமாரும் அதையேதான் சொன்னார். முதலில் முதலாளியின் அட்டை. மூன்று கோடும் வந்திருந்தது. இந்துமதி வாயைத் திறப்பதற்குள் வேல்குமார் அதை உயர்த்திப் பிடித்து, ஆர்டர் ஷீட் வாசிப்பதுபோல வாசித்தார்.

"சி, கொரோனாங்க. எம், மீடியமுங்க. ஜி, 'குட்'டுங்க. வந்துச்சு, மீடியமா வந்துச்சு, இப்ப நல்லாயிருச்சுங்க."

"மீடியமா? நமக்கு டபுள் எக்ஸெல் தானப்பா," என்றார் தங்கதுரை. கட்டிங் மேசைப் பக்கம் சிரிப்பு கிளம்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விடை சரி. அவருக்கு வந்தது, இப்போது நல்லாகிவிட்டது. வழி முழுக்கத் தப்பு. தப்பான வழியில் சரியான விடை வரும்போது குறுக்கே பேசுவதற்குத் தனித் தைரியம் வேண்டும். இந்துமதியிடம் அது இல்லை. கையுறையைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்தது சித்ராதேவியின் அட்டை. சி மட்டும்.

"வெறும் கொரோனாங்க," என்றார் வேல்குமார். "மீடியமும் இல்லை, குட்டும் இல்லை."

சிரிப்பு நின்றது. முன்வரிசை இரண்டடி பின்னால் போனது. சித்ராதேவி அட்டையை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், துணியில் ஓட்டை தேடுவதுபோல. பிறகு இந்துமதியைப் பார்த்தாள்.

"நான் சொன்னா இங்க எடுபடாது, மேடம். நீங்க சொல்லுங்க."

5

முடிவு ஒன்று. இந்துமதி பேசிவிடுகிறாள்: "சி-ன்னா கொரோனா இல்லீங்க. கன்ட்ரோலுங்க. உங்க கம்பெனில தரம் பாக்கற கியூ.சி. இருக்கில்லைங்களா, அது மாதிரி அட்டைக்கு கியூ.சி."

எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கை தட்டினார்கள், சித்ராதேவி அழுதாள், பப்ஸ் வந்தது. நானும் பேனாவை மூடிவிட்டேன்.

ஆனால் வேல்குமார் போகவில்லை. அவரைக் கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. அவராகத்தான் கேட்டார்.

"அட்டை பாஸுங்க, சரி. ஆளு?"

6

இந்த ஆளை நான் படைத்திருக்கவே கூடாது.

இந்துமதிக்குத் தெரிந்த பதில் இது: 'எதிர்ப்பொருள் தென்படவில்லை, ஆயினும் முன்பு தொற்று இருந்ததற்கான வாய்ப்பை இது முற்றிலும் விலக்காது.' சிலருக்குக் கிருமி வந்தும் கோடு வருவதில்லை. சிலருக்கு வந்த கோடு மங்கிவிடுகிறது. 'ஆயினும்' வரைக்கும் சொன்னால் போதும், வேல்குமார் மிச்சத்தை அவரே தைத்துவிடுவார்.

"ஒண்ணுமே வரலீங்க, நிச்சயம்" என்றால் சித்ராதேவிக்கு ரூம் உண்டு, டீ உண்டு. ஆனால் அந்த 'நிச்சயம்' இந்துமதியிடம் இல்லை.

(மூன்றாவதாக ஒன்றும் உண்டு. யாருக்கு யார் கிருமியைக் கொடுத்தார்கள் என்று காட்டும் கோடு எந்த அட்டையிலும் கிடையாது. அவளுக்கு வந்தே இருந்தாலும், முதலாளி கொடுத்ததாகவும் இருக்கலாம். இதை முதலாளி முன்னால் சொல்ல எனக்கே நாக்கு வறள்கிறது.)

முடிவு இரண்டு. கரண்டைக் கட் பண்ணிப் பார்த்தேன். ஜெனரேட்டர் போட்டுவிட்டார்கள்.

"கண்ணு," என்றார் தங்கதுரை, இந்துமதியிடம், தன்மையாகத்தான். "நீ படிச்ச புள்ள. இழுக்காம ஒரே பேச்சாச் சொல்லிப்போடு. இருந்துச்சா, இல்லியா?"

இந்துமதி முகக்கவசத்தை இறக்கினாள். (கிருமி படித்தவள் செய்யக் கூடாத காரியம்.) சத்தமாகப் பேச மூச்சை இழுத்துக்கொண்டாள்.

என்னால் இவ்வளவு தூரம்தான் அவளைக் கூட்டிவர முடிந்தது. வாக்கியத்தை நீங்கள் கொடுங்கள். அது உண்மையாக இருக்க வேண்டும். அயர்ன் மேசை வரைக்கும் கேட்க வேண்டும். பாதியில் யாரும் மிஷினை ஓட்டிவிடாத அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும்.

எல்லாரும் இந்துமதியைப் பார்க்கிறார்கள். சித்ராதேவி மட்டும் உங்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.