கிரீம் யாருக்கு

எடை குறைந்தவளுக்குக் கிரீம். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் இடையில் இருந்த சட்டம் இது ஒன்றுதான். இளைப்பதற்காக வாயைக் கட்டிக்கொண்டு இருப்பவளுக்கு, இளைத்ததற்குப் பரிசாகக் கொழுப்பைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம் என்று வீட்டில் கேட்காதவர் இல்லை. நாத்தனார் அசரவில்லை. நியாயம் பார்க்கிறவர்கள் வெந்நீர் குடிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.

அவளுக்கு வீட்டில் பூசணி என்று பெயர். சின்ன வயதில் அண்ணன் வைத்தது. கல்யாணமாகி, அது சரிப்படாமல் திரும்பி வந்து, அண்ணன் குடியிருந்த கட்டடத்திலேயே மேல்மாடியில் தனியாகக் குடியேறிய பிறகும் அந்தப் பெயர் அவளை விட்டுப் போகவில்லை. பார்சல் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. காலையிலிருந்து பெட்டிகளை எடைபோட்டு, டேப் சுற்றி, முகவரி ஒட்டி அனுப்புவாள். அதே வரிசையில் இரண்டு கடை தள்ளி அண்ணியின் ஆல்ட்டரேஷன் கடை. கடை என்று சொன்னால் அதிகம். ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, திரை போட்டு மறைத்த ஒரு மூலை, தலையில் இடிக்கிற மாதிரி தொங்கும் யார் யாருடைய பேன்ட்டுகளோ. சாலையைக் கடந்தால் எதிரே கண்ணாடிக் கதவு போட்ட காபி ஷாப்.

அண்ணிக்கு முழங்கால் வலி. உட்கார்ந்தே வேலை செய்து ஏற்றிக்கொண்ட எடையையெல்லாம் அந்த முழங்கால்தான் சுமக்கிறது, இளைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பூசணிக்கு அப்போது ஒரு வலியும் இல்லை. அண்ணி மட்டும் இளைத்தால் பக்கத்தில் நிற்கிற நான் இன்னும் குண்டாகத் தெரிவேன் என்று கவலைப்பட்டு அவளும் சேர்ந்துகொண்டாள். இருவரும் சர்க்கரையை விட்டார்கள். சாப்பாட்டைப் பாதியாக்கினார்கள். காபி ஷாப்பை மட்டும் விட முடியவில்லை. நாள் முழுக்க எதிரிலேயே நின்று கூப்பிடுகிற கடையை எப்படி விடுவது? ஆகவே வாரத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மதியம் வேலை முடிந்ததும், ஒரே ஒரு கேரமல் கோல்ட் காபி, இரண்டு ஸ்ட்ரா. கோப்பையின் மேல் கோபுரமாகச் சுற்றி வைத்த கிரீம், அதன்மேல் பழுப்புக் கோடுகளாகக் கேரமல். காபியைப் பாதிப்பாதியாகக் குடித்துவிடலாம். கிரீமைப் பங்கு போட்டால் இரண்டு பேருக்கும் ஆசை தீராது. அதற்காகத்தான் சட்டம்.

காபிக்கு முன்னால் தராசு. பார்சல் அலுவலகத்தின் பின்கட்டில், பெரிய பெட்டிகளை எடைபோடுவதற்காகத் தரையோடு தரையாக ஓர் இரும்புத் தட்டு கிடக்கும். பக்கத்துக் கம்பத்தில் சிவப்பு எண்கள் ஒளிரும். அண்ணி செருப்பைக் கழற்றுவாள், வளையலைக் கழற்றுவாள், கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பைக்கூட எடுத்து மேஜைமேல் வைப்பாள். மூச்சையெல்லாம் வெளியே விட்டுவிட்டுத்தான் ஏறுவாள்.

"கழட்டுறதா இருந்தா அந்த முழங்காலைக் கழட்டி வைங்க அண்ணி. எடையும் குறையும், வலியும் போகும்" என்பாள் பூசணி.

அண்ணி ஏறி நின்று எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தாவி மேலே போகும். நெஞ்சு திடுக்கென்று ஆகித் திரும்பினால், பூசணி பின்னால் நின்று கால் கட்டைவிரலால் தட்டின் ஓரத்தை அழுத்திக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போலக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாராவாரம் இதே கூத்து. வாராவாரம் அண்ணி ஏமாந்தாள்.

காபி ஷாப்பில் கோப்பை கொண்டுவருகிற பெண்ணுக்கும் சட்டம் தெரிந்துபோனது. ஸ்பூனை நீட்டியபடி, இன்று யார் ஜெயித்தது என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பாள். ஜெயித்தவள் மற்றவளைப் பார்த்துக்கொண்டே, அவசரமே இல்லாமல், கோபுரத்தை உச்சியிலிருந்து சாப்பிடுவாள். தோற்றவள் ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருப்பாள். மிச்சம் வைக்கக் கூடாது என்பது மட்டும் இருவருக்கும் பொது.

கொஞ்ச நாள் மாறி மாறி ஜெயித்தார்கள். பிறகு பூசணியே ஜெயிக்க ஆரம்பித்தாள். ஜெயித்துக்கொண்டே இருந்தாள்.

இடுப்பில் கொஞ்சம் பிடித்துக் கொடுங்கள் என்று துணிகளைக் கொண்டுவந்து போட்டாள். அண்ணி பிடித்துக் கொடுத்தாள். மறுபடியும் தொளதொளவென்று ஆயிற்று, மறுபடியும் பிடித்தாள். அடுத்த முறை, உள்ளே மடித்து விட்டிருக்கிற துணியை வெட்டிவிடுங்கள், உறுத்துகிறது என்றாள். தையல் தெரிந்தவர்கள் அதை வெட்டமாட்டார்கள். உடம்பு என்பது இன்றைக்கு இறங்கும், நாளைக்கு ஏறும். பிரித்துவிட உள்ளே துணி வேண்டும். அண்ணி கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு தயங்கினாள். இனி ஏறவே மாட்டேன் என்று பூசணி சிரித்தாள். அண்ணி வெட்டிக் கொடுத்தாள்.

தெருவே பூசணியைப் பாராட்டியது. அலுவலகத்தில் பெண்கள் ரகசியம் கேட்டார்கள். "கிரீம் சாப்பிடுங்க, தானா இறங்கும்" என்று எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள். அண்ணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ஆனால் வயிறு எரிந்தது. தான் பசியோடு படுத்து எழுந்தும் அரைக்கிலோ அசையமாட்டேன் என்கிறது, இவள் வாரம் தவறாமல் கிரீம் தின்றுவிட்டு ஒடிந்துவிடுகிற மாதிரி வந்து நிற்கிறாள். சொந்த முழங்கால்மேலேயே அண்ணிக்குக் கோபம் வந்தது. முழங்கால்மேல் வந்த கோபம் எங்கே போகும்?

ஒரு சனிக்கிழமை பூசணிதான் ஜெயித்திருந்தாள். ஸ்பூனால் ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். சற்று நேரம் அதை வாயிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கோப்பையை எதிர்ப்பக்கம் நகர்த்தினாள்.

"இன்னைக்கு நீங்க சாப்பிடுங்க அண்ணி."

"ஜெயிச்சவ நீ. எனக்கு எதுக்கு?"

"சும்மா ஒரு வாய். வாயில வெச்சுப் பாத்துட்டு சொல்லுங்க."

"நீ இளைச்ச மிச்சத்தை நான் தின்னு ஊதணும், அதானே?"

விளையாட்டாகச் சொல்லிவிடலாம் என்றுதான் ஆரம்பித்தாள். சொல்லி முடிக்கும்போது அது விளையாட்டாக இல்லை. கோபுரம் மெல்லச் சாய்ந்து காபிக்குள் கரைந்தது. முதல்முறையாக மிச்சம் வைத்துவிட்டு இருவரும் எழுந்தார்கள்.

அடுத்த வாரம் அண்ணி வேலை இருக்கிறது என்றாள். பொய்யில்லை, பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், சீருடைகள் குவிந்து கிடந்தன. அதற்கடுத்த வாரமும் வேலை இருந்தது. மெஷினுக்குப் பின்னாலிருந்து பார்த்தால் பூசணி தனியாகச் சாலையைக் கடந்து போவது தெரியும். போகட்டும், போய்த் தானே தின்னட்டும் என்று அண்ணி ஊசியில் நூலைக் கோத்தாள். சீருடைகள் தீர்ந்த பிறகு, பூசணி கடந்து போவதும் நின்றிருந்தது. அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். மாடிப்படியில் பார்த்தால் பேசிக்கொண்டார்கள். குழாயில் தண்ணீர் வருகிறதா, மழை வருமா என்கிற மாதிரிப் பேச்சு. எதிரெதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கிற அந்த மதியங்கள் மட்டும் இல்லாமல் போயின.

அண்ணன்தான் கண்டுபிடித்தார், அதுவும் தற்செயலாக. வேலை முடிந்து வந்தவர், படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்திருக்கிறார். மூச்சு வாங்குகிறது, இதோ ஏறிவிடுவேன் என்றாளாம். கையைப் பிடித்துத் தூக்கியவருக்குக் கையில் கனமே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வயிற்றில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்தால் வழி உண்டு. ஆனால் இப்போதிருக்கிற உடம்பு அதைத் தாங்காது. கொஞ்சம் எடை ஏற்றிக்கொண்டு வந்தால்தான் கைவைக்க முடியும். டாக்டர் கடைசியாக ஒன்று கேட்டார், கோபமாகக்கூட இல்லை. இவ்வளவு இறங்கியிருக்கிறதே, வீட்டில் யாரும் பார்க்கவில்லையா? அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பார்த்தோம், வாராவாரம் தராசில் ஏற்றிவைத்துப் பார்த்தோம், கைதட்டினோம் என்று அண்ணிக்கு வாய்வரை வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி சட்டத்தை மாற்றினாள். இனி ஏறினவளுக்குத்தான் கிரீம் என்றாள்.

"அப்போ எல்லா வாரமும் நீங்கதான் ஜெயிப்பீங்க" என்றாள் பூசணி.

அன்றிலிருந்து தினமும் மாலை கடையைச் சாத்திவிட்டு, சாலையைக் கடந்து, மூடிபோட்ட கோப்பையோடு அண்ணி மாடி ஏறினாள். முழங்கால் வலித்தது, வலிக்கட்டும் என்று ஏறினாள். பூசணி அண்ணிக்காக இரண்டு ஸ்பூன் சாப்பிடுவாள். மூன்றாவது ஸ்பூனை வைத்துக்கொண்டு ஏதாவது கதை பேசிக் கரைத்துவிடுவாள். அப்படிப் பேசிக்கொண்டிருந்த ஒரு மாலையில்தான் அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொன்னாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

"அன்னைக்கு அந்தக் கிரீம் சோப்பு மாதிரி இருந்துச்சு அண்ணி. அந்தப் பொண்ணு பழசைப் போட்டு ஏமாத்துறான்னு நெனச்சேன். உங்களுக்கும் அப்படி இருக்கான்னு பாக்கத்தான் தள்ளினேன். நீங்க என்னடான்னா..." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அண்ணி கோப்பையின் மூடியை அழுத்தி மூடினாள். மூடியதையே திரும்பத் திரும்ப மூடிக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு வாய். வாயில் வைத்திருந்தால், நல்லாத்தானே இருக்கு, உனக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். அந்தக் கேள்வி அன்றைக்கே அவளை டாக்டரிடம் கொண்டுபோயிருக்கும். கொண்டுபோகாமலும் இருந்திருக்கலாம். கேட்டிருப்பாள் என்பது மட்டும் நிச்சயம்.

அந்த நாட்களில் அண்ணன் தங்கையைப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏண்ணே, நான் என்ன தப்பு பண்ணேன், பூசணியைக் காணோம்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள். அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து வெகுநேரம் முகம் கழுவினார்.

ஆஸ்பத்திரித் தராசை அவள் நம்பவில்லை. அது அநியாயத்துக்குக் குறைத்துக் காட்டுகிறது, நம் தராசில்தான் ஏறுவேன் என்று அடம்பிடித்தாள். மறுபடி டாக்டரிடம் போகவேண்டிய வாரத்தில், ஒரு சனிக்கிழமை மதியம், அண்ணி அவளைப் பார்சல் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே வேலை செய்கிற மற்றவர்கள் ஏதோ வேலை இருப்பதுபோல முன்பக்கம் நகர்ந்துகொண்டார்கள். பூசணி செருப்போடு ஏறினாள், சால்வையோடு ஏறினாள், கையிலிருந்த தண்ணீர் பாட்டிலையும் கீழே வைக்கவில்லை. சிவப்பு எண்கள் தடுமாறி நின்றன. போனதடவையைவிடக் கீழே.

அவள் பின்னால் நின்றுகொண்டிருந்த அண்ணி யோசித்துச் செய்யவில்லை. கால் கட்டைவிரலைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். அழுத்தினாள். எண் ஏறியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். டாக்டர் கேட்ட இடத்தைத் தாண்டியது.

பூசணி திரும்பவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, காலை எடுங்க."

அண்ணி எடுக்கப் போனாள்.

"இல்ல... இருக்கட்டும். கொஞ்ச நேரம் இருக்கட்டும். பாத்துக்கிறேன்."

அண்ணி காலை எடுக்கவில்லை. வலிக்கிற முழங்காலில் உடம்பையெல்லாம் தாங்கிக்கொண்டு, பூசணி போதும் என்று சொல்கிறவரை அழுத்திக்கொண்டு நின்றாள். எடுத்ததும் எண் இறங்கியது. அது எங்கே இறங்கி நின்றது என்று இருவரும் பார்க்கவில்லை.

ஆபரேஷன் நடக்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் பூசணி போய்ச்சேர்ந்தாள்.

அதன்பிறகு அண்ணிக்கு எடை இறங்கியது. முயற்சி எதுவும் செய்யவில்லை. சாப்பிடத் தோன்றவில்லை, அவ்வளவுதான். முழங்கால் வலிகூடக் குறைந்தது. கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்கள் பார்த்துவிட்டுப் பாதியாகிவிட்டீர்களே, நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்படிச் சொன்னவர்களை அவள் பயத்தோடு பார்த்தாள். யாராவது ஒருவர், ஏன் இளைத்தாய் என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தாள். அண்ணன் கேட்டார். டாக்டரிடம் இழுத்துக்கொண்டும் போனார். ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஒரு சனிக்கிழமை மதியம் கடையைச் சாத்தியவள், வீட்டுப் பக்கம் திரும்பாமல் சாலையைக் கடந்தாள். வழக்கமான மேஜையில் உட்கார்ந்தாள். கோப்பை கொண்டுவருகிற பெண் இடையில் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். அவளுக்கு எதுவும் தெரியாது. பழைய பழக்கத்தில் இரண்டு ஸ்ட்ரா போட்டு, ஸ்பூனை நீட்டியபடி, அண்ணியை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தாள்.

"பாதியா இறங்கிட்டீங்களேக்கா. இன்னைக்கு நீங்கதானே ஜெயிச்சது?"

அண்ணி ஆமாம் என்று தலையாட்டினாள். ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தாள். சற்று நேரம் அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். சோப்பாக இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள். குளிர்ச்சியாக, இனிப்பாக, லேசான கருகல் வாசனையோடு அது இறங்கியது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள், எதிர் நாற்காலியைப் பார்த்து, மெதுவாக.

தன்னைத்தான் பாராட்டுகிறாள் என்று நினைத்து அந்தப் பெண் மேஜையைத் துடைத்தபடி சந்தோஷமாகச் சிரித்தாள். அண்ணி மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.