அவள் கைக்கு மட்டும் கிளம்பும் ஜீப்

ரொட்டிக்கடைக்காரர் அந்தப் பழைய ஜீப்பை வாங்கியதற்கு ஒரே காரணம், மலைமேல் இருந்த விடுதிப் பள்ளி. பிள்ளைகளின் காலைச் சாப்பாட்டுக்குச் சுடச்சுட ரொட்டி கொண்டுபோய்க் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தார். வழியில் ஓர் ஓடை, அதைத் தாண்டினால் செங்குத்தான கல்பாதை. சாதாரண வண்டியெல்லாம் பாதியிலேயே கும்பிடு போட்டுவிடும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற டீசல் வண்டியாகத் தேடிப் பிடித்தார்.

வண்டி என்னவோ கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் அதன் டேஷ்போர்டைச் செய்தவனுக்கு மனிதர்கள்மேல் என்ன கோபமோ தெரியவில்லை. பெயர் எழுதாத சுவிட்சுகள் ஒரு வரிசை. முள் தூங்கிப்போன மீட்டர் ஒன்று. கம்பிச்சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று. ஸ்டியரிங்குக்குக் கீழே, எழுத்துத் தேய்ந்த கறுப்புக் குமிழ் ஒன்று. இழுத்தால் வெளியே வந்து அப்படியே நிற்கும், தள்ளினால் உள்ளே போகும். விற்றவர் சாவியைக் கையில் கொடுத்த வேகத்தில் காணாமல் போய்விட்டார்.

விளக்கம் சொல்லத்தான் சகலை இருந்தாரே! மனைவியின் அக்காள் கணவர், பக்கத்துக் கட்டடத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடும் மனுஷன், தன் கண்ணாடியை மட்டும் கடை மேஜையிலேயே விட்டுவிட்டு வருவார். காலமெல்லாம் சோக்குக் குமிழை இழுத்துக் கிளப்பும் பெட்ரோல் கார் ஓட்டியவர். முதல் நாள் விடிவதற்கு முன்பே வந்து, இருட்டில் டேஷ்போர்டைத் தடவிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“இது சோக்கு, சகல. குளிர்ல நிக்கிற வண்டிக்கு இதை நல்லா இழுத்துட்டுத்தான் சாவியைத் திருப்பணும்.”

ரொட்டிக்கடைக்காரர் நல்லா இழுத்துவிட்டுத் திருப்பினார். இன்ஜின் இருமியது, முனகியது, அவ்வளவுதான். “இன்னும் இழுங்க” என்றார் சகலை. குமிழ் கையோடு வந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்கு இழுத்தும் பலனில்லை. கடைசியில் மனைவி மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

“கொஞ்சம் நகருங்க, நான் பாக்குறேன்.”

ஏறி உட்கார்ந்தாள். சாவி பாதி திரும்பியபடி கிடக்க, அவிழ்ந்த முடியை நிதானமாக அள்ளி முடிந்தாள். சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

“கைராசின்னா இதான்!” என்றார் சகலை.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. ஆண்கள் இருவரும் குமிழை இழுத்து மல்லுக்கட்டுவார்கள். அலுத்துப்போனதும் மனைவி வந்து கிளப்புவாள். பள்ளியில் நிறுத்திவிட்டுத் திரும்பவும் கிளப்ப வேண்டுமே என்று அவளையும் கூட்டிக்கொண்டு போவார். சூடான இன்ஜினை அவரே கிளப்பிவிடலாம்தான், யார் சோதித்துப் பார்ப்பது? அந்த நேரத்தில் சகலை ரொட்டிக்கடையைப் பார்த்துக்கொள்வார். அப்போது எத்தனை பன் காணாமல் போகிறது என்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நிறுத்துவதும் லேசுப்பட்ட வேலையில்லை. சாவியை அணைத்தாலும் இன்ஜின் பாட்டுக்கு ஓடும். சாவி சுவிட்சில் கோளாறு என்றார் சகலை. அதற்கும் வைத்தியம் வைத்திருந்தார். கியரில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, கிளட்சைப் பட்டென்று விட வேண்டும். வண்டி ஒரு குதி குதித்து உயிரை விடும். பின்னால் தட்டுகளில் இருக்கும் ரொட்டிகளில் நாலைந்துக்கு மூக்கு நசுங்கும்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. அக்காளும் தங்கையும் சேர்ந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிப் போனார்கள். வண்டியை இனி யார் கிளப்புவது என்று ரொட்டிக்கடைக்காரர் கவலைப்பட்டார். ஏற்கெனவே ஒருநாள் தாமதமாகப் போய், பிள்ளைகள் காலித் தட்டோடு உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்திருந்தார். “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற கடை பாத்துக்குவோம்” என்று விடுதிக் காப்பாளர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

மறுநாள் காலை ரொட்டியெல்லாம் ஏற்றியாகிவிட்டது. குமிழை இழுத்துச் சாவியைத் திருப்பினார். இருமல். மறுபடியும் திருப்பினார். முனகல். பேட்டரியின் குரலும் இறங்கிக்கொண்டே வந்தது. பக்கத்தில் சகலை, “இன்னும் இழுங்க, இன்னும் இழுங்க” என்று பழைய பல்லவியையே பாடினார். அவரைக் கடித்துக் குதறலாம் போல இருந்தது. வேறு வழியில்லாமல் மனைவிக்குப் போன் போட்டார்.

“வண்டி கிளம்ப மாட்டேங்குது. என்ன பண்றதுன்னே தெரியல.”

“பதறாதீங்க. முதல்ல அந்தக் குமிழை உள்ள தள்ளுங்க.”

தள்ளினார்.

“சாவியைப் பாதி திருப்புங்க. சுருள் விளக்கு எரியுதா? இன்ஜின் உள்ள சூடேறி அது அணையற வரைக்கும் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க. அணைஞ்சப்புறம் முழுசாத் திருப்புங்க.”

விளக்கு எரிந்தது, நிதானமாக அணைந்தது. சாவியைத் திருப்பினார். வண்டி கிளம்பிவிட்டது!

“பாத்தீங்களா சகல? போன்லயே வேலை செய்யுது அவ கைராசி!” என்று சகலை கையைத் தட்டினார்.

ரொட்டிக்கடைக்காரர் கடையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வண்டியை விரட்டினார். ஓடைக்கரையில் கியர்க் கம்பிக்குப் பக்கத்திலிருந்த குட்டிக் கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்கு மாற்றினார். தண்ணீரில் இறங்கும்போது பழக்கதோஷத்தில் பக்கத்து இருக்கையைப் பார்த்தார். அங்கே அவள் இருந்தால், தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்பதுபோல இரண்டு காலையும் தூக்கிக்கொள்வாள். கரையேறியதும் ஒரு ரொட்டியின் முனையைப் பிய்த்து அவர் வாயில் திணிப்பாள். இன்று அந்த இருக்கையில் ஒரு பன் தட்டு மட்டும் இருந்தது. அவருக்கு என்னவோ போலிருந்தது.

பள்ளி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு மணி இன்னும் அடிக்கவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டார். வண்டியைக் குதிக்கவைத்து நிறுத்தக் கிளட்சில் கால் வைத்தவர், அப்படியே இருந்துவிட்டார். வெயில் நேராக டேஷ்போர்டில் விழுந்துகொண்டிருந்தது. தினம் தினம் அவருடைய விரல் மாவு பட்டுப்பட்டு, குமிழில் தேய்ந்திருந்த எழுத்துகளின் பள்ளமெல்லாம் வெள்ளையாக நிரம்பியிருந்தது. அவர் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். ஸ்டாப்.

குமிழை மெல்ல இழுத்தார். இன்ஜின் சத்தம் போடாமல் அடங்கியது. பின்னால் ஒரு ரொட்டிகூட அசையவில்லை.

இத்தனை நாளும் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டல்லவா கிளப்பப் பார்த்திருக்கிறார்கள், இரண்டு பெரிய மனுஷர்களும்! ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். காப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, ரொட்டி வந்துவிட்டதே என்று பேசாமல் உள்ளே போய்விட்டார்.

தட்டுகளை இறக்கிக் கொடுத்த பிறகுதான் அவருக்குப் பொறிதட்டியது. போனில் அவர் குமிழைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள். உடனே போன் போட்டார்.

“ரொட்டி போய்ச் சேந்துதா?” என்றாள்.

“சேந்துது. ஏம்மா, அந்தக் குமிழ் விஷயம் உனக்கு எப்பத் தெரியும்?”

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“முதல் நாள் தெரியாமத்தான் தள்ளினேன். நீட்டிக்கிட்டிருந்துது, முட்டியில இடிச்சுது. அப்புறம் ஒருநாள் அங்க பள்ளிக்கூடத்து வெளிச்சத்துல படிச்சிட்டேன்.”

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லணும்னுதான் வாயெடுத்தேன். சொல்லிட்டா நீங்க தனியாப் போயிடுவீங்களே? கடையில நாள் பூரா நீங்க அடுப்புப் பக்கம், நான் கல்லாப் பக்கம். பக்கத்துல பக்கத்துல உக்காந்து போறது அந்த வண்டியில மட்டுந்தான்.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவரும் கேட்டுக்கொண்டதில்லை. வெட்கமாகவும் இருந்தது, மனசு நிறைந்தும் போயிற்று.

“எப்ப வர்ற?”

“வியாழக்கிழமை.”

“சரி. வெள்ளிக்கிழமை காலைல வண்டி கிளம்பாது. இப்பவே சொல்லிட்டேன்.”

அவள் சிரிப்பது கேட்டது. “உங்க சகலை என்ன சொல்லுவாராம்?”

“அவர் இழுங்க இழுங்கம்பாரு. நானும் இழுப்பேன்.”

போனைப் பையில் போட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நுனியை எச்சிலில் நனைத்து, குமிழின் எழுத்துப் பள்ளங்களிலிருந்த மாவைத் துளி மிச்சமில்லாமல் துடைத்தார். சகலை என்றைக்காவது கண்ணாடி போட்டுக்கொண்டு வந்துவிடலாம்.