கழுகின் கண்ணும் அறுபத்துநாலு கட்டமும்

பட்டறையில் எல்லோரும் அவரைக் கழுகு என்றுதான் கூப்பிட்டார்கள். நிறம் பார்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அங்கே எல்லோருடைய அபிப்பிராயம். அவருக்குச் சிவப்பும் பச்சையும் பழுப்பும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரிந்த சங்கதி. ஒருவர் கழுகு. இன்னொருவர் அவருடைய மனைவி. கல்யாணமான முதல் வாரம் பழுத்ததாகப் பார்த்து ஒரு கிலோ தக்காளி வாங்கி வரச் சொன்னாள். கழுகு பச்சைக்காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்து பெருமையாக நின்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அதன் பிறகு பதினேழு வருஷமாக அதைப் பற்றி வெளியே மூச்சு விடவில்லை.

நிறம் தெரியாத மனிதர் நிறத்தை வைத்து எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்கலாம். அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்தப் பட்டறையில் எஃகுத் தகட்டில் லேசரால் கலர் படம் போடுகிறார்கள். பெயிண்ட் கிடையாது, மை கிடையாது, சாயம் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. லேசர் எஃகைச் சுடுகிறது. சூடு பட்ட இடத்தில், பாலில் ஏடு கட்டுவதுபோல, மெல்லிய தோல் ஒன்று படிகிறது. அந்தத் தோலின் மேலே பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அடியில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் வழியில் மோதிக்கொண்டு, சில நிறங்களைத் தீர்த்துக்கட்டிவிட்டு, மிச்சத்தை நம் கண்ணுக்கு அனுப்பிவைக்கின்றன. மழை நின்ற ரோட்டில் டீசல் சிந்தினால் வானவில் தெரிகிறதே, அதே கதைதான். தோல் மெலிசாக இருந்தால் மஞ்சள், கொஞ்சம் தடித்தால் செம்பு, அதற்கு மேல் ஊதா, நீலம், இன்னும் சுட்டால் பச்சை. லேசர் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும், விநாடிக்கு எத்தனை துடிப்பு, கோட்டுக்கும் கோட்டுக்கும் எவ்வளவு இடைவெளி, எல்லாமே எண்கள். எண்கள் கழுகுக்குத் தண்ணி பட்ட பாடு.

எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்று சொன்னது மனைவி. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த புதிதில், எட்டுக்கு எட்டு என்று அறுபத்துநாலு கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் வேறு வேறு எண்ணில் சுட்டு, சோதனைத் தகட்டை வீட்டுக்கு எடுத்துவந்தார். சாப்பாட்டு மேஜையில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து அவள் கட்டம் கட்டமாகப் பெயர் சொல்ல, இவர் நோட்டில் எழுதிக்கொண்டார். அவளுக்குத் தெரிந்த பெயர்களைத்தான் சொன்னாள்: தேன், வெங்காயத்தோல், அடிபிடித்த பால், கத்தரிக்காய், மயில்கழுத்து, பாசி. பட்டறையில் நோட்டைப் பார்த்தவர்கள் கழுகுக்குள் ஒரு கவிஞர் இருப்பதாக நினைத்துக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

அவள் தகட்டைத் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் கழுகு, "கையை எடு, ரேகை விழும்!" என்று சத்தம் போடுவார். சுடுவதற்கு முன்னால் விரல் பட்டால் அந்த எண்ணெய்ப்பசை நிறத்தைக் கெடுத்துவிடும் என்பது உண்மை. சுட்டு முடித்த தகட்டில் பட்டால் துடைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் சத்தம் போட்டார். வீட்டில் சத்தம் போட அவருக்கு வேறு விஷயம் அமையவில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வண்டியைக் கவிழ்த்தது பட்டறையின் பத்தாவது ஆண்டு விழா. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். முதலாளியம்மா எல்லோர் முன்னாலும் கழுகைக் கூப்பிட்டு, "இந்தப் பட்டறைக்கு மெஷின் பாதி, கழுகோட கண்ணு பாதி" என்றார். கைதட்டல். கழுகுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மைக்கை வாங்கி, "என்ன மேடம், ஏதோ பொறப்புலயே அமைஞ்ச கண்ணு" என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடத் தப்பியிருப்பார். முதலாளியம்மா மரியாதைக்காக மூன்றாவது வரிசையைப் பார்த்து, "வீட்ல உங்களுக்கும் இதுல ஆர்வம் உண்டாம்மா?" என்று கேட்டார். கேள்வி மனைவிக்கு. பதிலைக் கழுகு முந்திக்கொண்டு சொன்னார்.

"அவளுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது மேடம்."

கையில் கேக் தட்டோடு உட்கார்ந்திருந்த அவள் கேக்கைக் கடைசித் துண்டு வரை சாப்பிட்டாள். காகிதத் தட்டை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். அன்றிலிருந்து அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சமைத்தாள், துவைத்தாள், அவர் மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தாள். காய்கறிக்காரரோடு பேசினாள், மாடிவீட்டு அம்மாவோடு பேசினாள், போனில் தங்கையோடு சிரித்துச் சிரித்துப் பேசினாள். கழுகு உள்ளே வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அவர் இரண்டு நாள் கோபமாக இருந்து பார்த்தார். நாலு நாள் பாவமாக இருந்து பார்த்தார். ஒன்றும் எடுபடவில்லை. செய்தது தப்பு என்று அவருக்கு முதல் நாளே தெரியும். அதை வாயால் சொல்வதற்குத்தான் அவரிடம் எண் இல்லை.

பத்தாம் நாள் பட்டறைக்குப் புது எஃகு வந்தது. பழைய வியாபாரி கடையை மூடிவிட்டதால் வேறு இடத்துச் சரக்கு. கழுகு வழக்கமான எண்ணைப் போட்டு ஒரு பெயர்ப்பலகைக்குத் தங்க நிறத்தில் ஓரம் அடித்தார். தகடுகளுக்கு மெருகு போடும் பாலிஷ்காரர் அந்தப் பக்கம் போனவர் நின்றார்.

"என்ன கழுகு, ஓரத்துல பச்சை அடிச்சிருக்கே?"

"புதுசா இருக்கட்டுமேன்னு" என்றார் கழுகு. எஃகு மாறினால் தோல் படியும் விதமும் மாறும். ஆறு வருஷத்து நோட்டு ஒரே காலையில் பழைய பேப்பர் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரிய ஆர்டர் கையில் இருந்தது. ஓய்வுபெறப் போகும் ஒரு தலைமை நர்ஸுக்கு அவரோடு வேலை செய்தவர்கள் சேர்ந்து கொடுக்கும் படம். முழங்கை நீளத் தகட்டில் கலர் முகம். அதற்குப் புது எஃகில் தகடு ஒன்றுதான் வெட்டி மெருகு போட்டிருந்தது. நாளை மறுநாள் விழா. தப்பாகச் சுட்டால் அழிக்க முடியாது, அழித்தால் மெருகும் சேர்ந்து போய்விடும். இது போதாதென்று போட்டோவில் நர்ஸம்மா ஒரு பச்சைத் திரைக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கழுகின் கண்ணுக்கு முகமும் திரையும் ஒரே நிறம். முகத்தைப் பச்சையாக அடித்துவிட்டு எதிரே நின்று அவரும் சிரித்துக்கொண்டிருப்பார். நிறம் தெரியாத ஆளை எந்தப் பட்டறையும் கலர் மெஷினில் உட்கார வைக்காது.

சாயங்காலம் புது எஃகில் சுட்ட சோதனைத் தகட்டோடு வீட்டுக்குப் போனார். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, பக்கத்தில் அறுபத்துநாலு கட்டம் வரைந்த ஒரு தாளும் பேனாவும் வைத்தார்.

"இதைக் கொஞ்சம் பாரேன்" என்றார்.

அவள் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கழுகு பால் வாங்கக் கிளம்பிப் போனார். வீட்டில் பால் இருந்தது. அரைமணி நேரம் தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பினால் தாள் நிரம்பியிருந்தது. அறுபத்துநாலு கட்டத்திலும் அவளுடைய குண்டுக் கையெழுத்து. ஒன்றைக்கூட விடவில்லை. அவளோ ஜன்னல் பக்கம் திரும்பித் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள்.

கழுகுக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பத்து நாளாக முகத்தைப் பார்க்காதவள் அறுபத்துநாலு கட்டத்தை உட்கார்ந்து நிரப்பியிருக்கிறாள். பாசி என்று எழுதிய இடத்தில் உண்மையிலேயே பாசிதான் இருக்கிறதா? அவள் ஒரே ஒரு இடத்தில் மாற்றி எழுதினால் போதும், அவர் கதை முடிந்தது. அவள் இடத்தில் தான் இருந்தால் மாற்றித்தான் எழுதியிருப்போம் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நினைப்பு அவருக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் பாலிஷ்காரரிடம் தகட்டைக் காட்டி, விளையாட்டுப்போல ஒரு கட்டத்தைக் கேட்டார். தாளில் அவள் அதற்குக் கத்தரிக்காய் என்று எழுதியிருந்தாள்.

"நீலம்" என்றார் பாலிஷ்காரர். பிறகு தகட்டைச் சாய்த்தார். "இரு, இரு. நேரா வச்சா ஊதா மாதிரி இருக்கு. சாய்ச்சா நீலம்."

வரவேற்பு மேஜையில் இருந்த அம்மாவிடம் கேட்டார். அவர் வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "சாம்பல் கலந்த ஏதோ ஒண்ணு. ஏன், உங்களுக்கே சந்தேகமா?" என்றார்.

சாயம் என்றால் எப்படிப் பார்த்தாலும் சாயம். இது வெளிச்சம் செய்கிற வேலை. ஆள் நகர்ந்தால் நிறமும் நகரும். மூன்று சாட்சி, மூன்று நிறம், யாரும் பொய் சொல்லவில்லை. இனி ஊரையே வரிசையில் நிறுத்திக் கேட்டாலும் பயன் இல்லை என்று கழுகுக்குப் புரிந்துபோனது. அவளை நம்பலாம், அல்லது மெஷினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

கையுறை போட்டுக்கொண்டு தகட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். முகத்துக்கு அவள் தேன் என்றும் செம்பு என்றும் அடிபிடித்த பால் என்றும் எழுதிய கட்டங்களின் எண்களைப் போட்டார். திரைக்குப் பாசி. சீருடைக்கு மயில்கழுத்து. மூடியைச் சாத்திவிட்டு பட்டனை அழுத்தினார்.

நாலரை மணி நேரம் மெஷின் ரீங்காரம் போட்டது. கண்ணாடி மூடிக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி வலமும் இடமும் ஓடி நர்ஸம்மாவைக் கோடு கோடாகக் கொண்டுவந்தது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது. எல்லாம் கழுகுக்கு ஒரே பழுப்பு. மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். அவள் கட்டிக்கொடுத்தது எப்போதும் போலத்தான் இருந்தது. சாப்பிட முடியவில்லை.

மெஷின் நின்றதும் முதலாளியம்மா வந்தார். கையுறை மாட்டிக்கொண்டு தகட்டை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார். ஒன்றும் சொல்லவில்லை. தூரமாகப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். புருவத்தைச் சுருக்கினார். மறுபடியும் தூரமாகப் பிடித்தார்.

கழுகு அந்த மௌனத்தில் ஒரு நிமிஷம்தான் தாக்குப்பிடித்தார்.

"மேடம், தப்பா வந்திருந்தா அது என் தப்பு. சரியா வந்திருந்தா அது என் மனைவியோட கண்ணு. எனக்குச் சிவப்பு, பச்சை எதுவுமே தெரியாது. ஆறு வருஷமா நிறம் பார்த்துச் சொன்னது எல்லாம் அவதான். அன்னிக்கு விழாவுல அவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னேன். நான் சொன்னது பொய். அன்னியிலேர்ந்து அவ என்கூடப் பேசறதில்ல."

பாலிஷ்காரர் தன் மெருகு மெஷினை அணைத்தார். வரவேற்பு அம்மா எட்டிப்பார்த்தார்.

முதலாளியம்மா தகட்டைக் கீழே வைத்தார். "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேப்பா. மூக்குக்கண்ணாடியை மேஜைலயே வச்சுட்டு வந்துட்டேன். ஒண்ணும் தெரியல."

கண்ணாடி வந்தது. மாட்டிக்கொண்டு பார்த்தார். "முகம் முகமா இருக்கு. திரை பச்சையா இருக்கு. அந்தம்மா எழுந்து வந்துடுவாங்க போல இருக்கு" என்றார். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "சரி. நம்ம வாசல் போர்டு என்ன நிறம்?"

"வேகம் நானூறு, துடிப்பு முந்நூத்தம்பது, மேடம்."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "நாளைக்குக் காலைல அவங்களையும் கூட்டிட்டு வா."

வீட்டில் நடந்ததைச் சொன்னார். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "தப்பு பண்ணிட்டேன்" என்பதையும் சொன்னார். அவள் அடுப்பை அணைத்தாள். பதில் சொல்லவில்லை. ஆனால் காலையில் அவர் குளித்து வருவதற்குள் கைப்பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

பட்டறையில் கலர் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டிருந்தது. முதலாளியம்மா நிரம்பிய தாளை மேஜைமேல் விரித்தார்.

"ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லையாமே. அந்தக் கோபத்துலயும் ஒரு கட்டம்கூட தப்பா எழுதலையேம்மா?"

"கோபம் இவர்மேலதான்" என்றாள் அவள். "நர்ஸம்மா என்னைய என்ன பண்ணாங்க?"

பாலிஷ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். இனிமேல் நிறம் அவள் சொல்வது, எண் அவர் போடுவது, நிறத்தில் தகராறு வந்தால் அவள் சொன்னதே முடிவு என்று ஆயிற்று. வேலை போகவில்லை. கழுகு என்ற பெயர்தான் போனது. அதை அவளுக்குக் கொடுக்கலாமா என்று வரவேற்பு அம்மா கேட்டார். வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டாள்.

அவள் கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னால் புதிதாக மெருகு போட்ட, இன்னும் சுடாத தகடு. அவர் பக்கத்தில் நின்று, எங்கே பார்ப்பது என்று தெரியாமல், மேஜைமேல் கையை ஊன்றினார். கை தகட்டின்மேல் இருந்தது.

"கையை எடுங்க" என்றாள். "ரேகை விழும்."

பன்னிரண்டு நாளில் அவரோடு பேசிய முதல் பேச்சு. அவர் கையை வெடுக்கென்று எடுத்தார். நெஞ்சு நிறைந்துவிட்டது. ஸ்பிரிட் எடுத்து, தகட்டைத் துடைத்து, அவள் முன்னால் வைத்தார்.

பத்து நிமிஷம் கழித்து, அவளைத் தவிர வேறு யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து, இன்னொரு கையை எடுத்து அந்தத் தகட்டின்மேல் வைத்தார்.