இங்கே யாருக்கும் தெரியாத பெயர்

“உங்க வீட்டுல பாட்டில் தண்ணிய யாரு குடிக்கிறீங்க, குழாய்த் தண்ணிய யாரு குடிக்கிறீங்க?”

ஹாலி என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அவள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்தாள். ஆரஞ்சுத் தோப்புக்கு நடுவே எங்கள் பன்னிரண்டு டிரெய்லர் வீடுகளிலும் ஏறி இறங்கி, பெண்களிடம் மட்டும் பேசினாள். அம்மாவுக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் எங்கள் மலையில் பேசுகிற மொழிதான் வரும், ஸ்பானிஷே அரைகுறை. பள்ளியை விட்டுவிட்டு ஆரஞ்சு பறிக்கப் போன நான்தான் நடுவில் உட்கார்ந்து மாற்றிச் சொன்னேன்.

எங்கள் குழாயில் தோப்பு மருந்து கலந்து வரும் என்று எல்லாருக்கும் தெரியும். கேள்வியைக் கேட்டு அம்மா சிரித்தாள். “இதெல்லாம் ஒரு கேள்வியா, நோயேமி? உங்க அப்பாவும் அண்ணனும் வெயில்ல நிக்கிறவங்க. அவங்களுக்குப் பாட்டில். நமக்குக் குழாய்.”

அம்மாவும் நானும்கூட அதே வெயிலில்தான் நிற்கிறோம். அதையும் சேர்த்துச் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. இரவல் வாங்கியதுபோல் ஒரு வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்திருந்து திருப்பிக் கொடுத்துவிடுவது என் பழக்கம். ஹாலி எழுதிக்கொண்டாள்.

பிறகு அம்மா வேறொன்று சொன்னாள். தோப்பில் உயரமாக நிற்கும் நீலத் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வரிசையில் பூச்சிமருந்து அடித்தது, ரொட்டியில் அது பனி மாதிரி விழுந்தது, அந்த வருஷம் இரண்டு முறை வயிற்றில் தங்கியது கலைந்தது. அதுவரை எனக்கு ஒரு முறைதான் தெரியும்.

கடைசியில் ஹாலி, “உங்க பேரை எங்கயும் போட மாட்டோம். ஒரு பொய்ப் பேரு நீங்களே சொல்லுங்க” என்றாள்.

பொய் என்ற சொல்லை அம்மாவிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால், “இங்க யாருக்கும் தெரியாத பேரு ஒண்ணு சொல்லும்மா” என்றேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. “ஒத்தீலியா.”

அது அவளுடைய சொந்தப் பெயர். அவள் வேலை பார்ப்பது தன் சித்தி மகளின் அடையாளக் காகிதத்தில், மரிக்ரூஸ் அயாலா என்ற இரவல் பெயரில். ஒன்பது வருஷமாக அப்பாகூட அவளை மரிக்ரூஸ் என்றுதான் கூப்பிடுகிறார். இங்கே யாருக்கும் தெரியாத பெயர் என்றால் அவளுக்கு அது ஒன்றுதான். நான் தடுத்திருக்கலாம். ஆனால் அதைச் சொன்னபோது அவள் முகம் ஒரு சின்னப் பெண்ணின் முகம் மாதிரி ஆனது. அதையே ஹாலியிடம் சொன்னேன்.

குளிர்காலத்தில் ஹாலியின் புத்தகம் வந்தது. மெல்லியது, நடுவில் பின் அடித்தது. கிளினிக்கிலும் துணி துவைக்கும் கடையிலும் இலவசமாக வைத்திருந்தார்கள். பதினான்காம் பக்கத்தில் ஒத்தீலியா. தோப்பின் பெயர் இல்லை, ஆனால் நீலத் தொட்டி இருந்தது. இந்தப் பக்கத்தில் நீலத் தொட்டி ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தோமாசா வந்தாள். எங்கள் பறிப்புக் கூட்டத்துக்கு மேஸ்திரி அவள்தான். அம்மாவின் ஊர்க்காரி. அவள் மகனுக்கு அம்மா ஞானத்தாய். அதனால் இருவரும் ஒருவரை ஒருவர் ‘கொமாத்ரே’ என்றுதான் அழைப்பார்கள். ஒத்தீலியா என்ற பெயர் தெரிந்தவள் இங்கே எங்களைத் தவிர அவள் ஒருத்திதான்.

புத்தகத்தை மேஜைமேல் போட்டு, பதினான்காம் பக்கத்திலிருந்து ஒரு வரியைப் படித்தாள். “‘மூஞ்சியக் கழுவிட்டு வேலையப் பாருன்னு மேஸ்திரி சொன்னா.’ நான் அப்படியா சொன்னேன், கொமாத்ரே?”

“சொன்னே.”

“சொன்னேன்தான். அதுக்காக அச்சுலயா போடுவாங்க?” அவளுக்கே சிரிப்பு வந்து, உடனே நின்றது. “சூப்பர்வைசர் படிச்சிட்டான். நாளைக்கு வர்றானாம், இந்தப் பொம்பளைய எனக்குக் காட்டுன்னான். காட்டலேன்னா என் கூட்டமே வேணாமாம். பன்னிரண்டு குடும்பம்.”

“பேரெல்லாம் மாத்தினதுன்னு மொதப் பக்கத்துல போட்டிருக்கே” என்றேன்.

“அதை அவன் நம்பலடி. அவன் நம்பாததுதான் இதுல சரியாப் போச்சு.”

அம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, “என்ன பண்ணப் போறே?” என்றாள்.

“தெரியல, கொமாத்ரே. சத்தியமா எனக்கே தெரியல.”

காட்டிக் கொடுத்தால் வேலை போகும். வேலை போனால் தோப்புக்காரரின் இந்த டிரெய்லர் போகும். இரவல் காகிதம் வெளியே வந்தால் அம்மாவை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவார்கள். அப்பா இரண்டு பையில் துணிகளை எடுத்து வைத்தார்.

திங்கட்கிழமை விடிந்தும் மூடுபனி விலகவில்லை. வேனுக்கு முன்னால் நாங்கள் வரிசையாக நின்றோம், தொப்பியும் முகத்தைச் சுற்றிய துணியுமாக. கண் மட்டும்தான் வெளியே. சூப்பர்வைசர் வெள்ளைப் பிக்கப் வண்டியின் கதவில் சாய்ந்து நின்றான். தோமாசா பட்டியலை வாசித்தாள்.

“மரிக்ரூஸ் அயாலா.”

“இருக்கேன்.”

அவள் நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போனாள். எனக்கு மூச்சு வந்தது. பட்டியல் முடிந்ததும் அவன் விரலால் சைகை காட்டினான். தோமாசா காகிதத்தையே பார்த்துக்கொண்டு, புரியாத எழுத்தைக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி, “ஒத்தீலியா” என்றாள்.

யாரும் அசையவில்லை.

“சத்தமா” என்றான் அவன்.

தோமாசா தலையைத் தூக்கிக் கத்தினாள். கத்தும்போது அது ஊர்க் கூப்பாடாகிவிட்டது. எங்கள் மலையில் ஒரு சரிவிலிருந்து எதிர்ச் சரிவுக்குக் கூப்பிடுவதுபோல் கடைசி எழுத்து நீண்டு, மேலே ஏறி, பனிக்குள் போனது. அந்தப் பெயரை வேறு எப்படிக் கத்துவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் கூப்பாட்டுக்குப் பதில் குரல் கொடுக்காமல் இருக்க அம்மாவுக்கும் தெரியாது. துணிக்கு அடியில் அவள் வாய் திறப்பதைப் பார்த்தேன். என் பூட்ஸால் அவள் காலை அழுத்தி மிதித்தேன். வந்த சத்தம் இருமலாகி வெளியே விழுந்தது.

“யாருடி அது? செத்துப்போன கெழவி பேரு மாதிரி இருக்கு” என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

“அப்படி ஒருத்தி என் கூட்டத்துல இல்ல, சார்” என்றாள் தோமாசா.

அவன் வரிசையின் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு ஜோடிக் கண்ணாகப் பார்த்துக்கொண்டு வந்தான். அம்மாவிடம் வந்ததும் பார்வை கீழே இறங்கியது. அம்மாவின் பூட்ஸ்மேல் என் பூட்ஸ் இன்னும் இருந்தது.

அங்கேயே பார்த்தான்; அவனுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பிறகு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான், விளக்கைப் போட்டான், பனிக்குள் ஓட்டிக்கொண்டு போனான்.