நாபிகி திறந்த ஊற்று

அந்த வருஷம் மழை எங்கள் பக்கம் எட்டியே பார்க்கவில்லை. ஆற்று மணலை ஆளுயரம் தோண்டியும் கையில் சேறுதான் வந்தது. மிச்சமிருந்தது மலையடி ஊற்று ஒன்றுதான். சுற்றுலா விடுதிக்காரர்கள் எங்கள் பக்கம் கம்பி வேலி போட்டு, காட்டுப் பக்கத்தைத் திறந்து விட்டிருந்தார்கள். யானையும் வரிக்குதிரையும் குடிக்கலாம். எங்கள் ஆடுகள் கூடாது.

பக்கத்துக் குடிசை நாபிகி கணவனை இழந்தவள். அன்று காலை அவள் மடியிலேயே ஒரு குட்டி செத்தது. உச்சி வெயிலில் மந்தையை ஊற்றுக்கு ஓட்டினாள். நானும் என் ஆடுகளோடு பின்னால் போனேன்.

வேலிக் கதவில் துப்பாக்கியோடு நின்றவன் அவளுடைய கொழுந்தன் லெடோயே.

"அண்ணி, திரும்பிப் போயிடுங்க. என் வேலை போயிடும்."

"உனக்கு வேலை போகும், எனக்கு மந்தையே போகுது. இதுங்க பாலைக் குடிச்சு வளந்தவன்தான நீ? சுடுறதுன்னா சுடு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவளே கதவைத் தள்ளினாள். தண்ணீர் வாசனைக்கு ஆடுகள் பாய்ந்தன.

ஊற்றில் ஒரு கொம்பன் யானை நின்றது. காதை விரித்து எங்களைப் பார்த்தது. நான் பின்வாங்கினேன். நாபிகி அசையவில்லை.

"நீயும் குடி, நாங்களும் குடிக்கறோம். கொஞ்சம் ஒதுங்கு," என்றாள் தணிந்த குரலில்.

அது மண்ணை வாரித் தூற்றிவிட்டு எதிர்க்கரைக்கு நகர்ந்தது.

விடுதி மேலாளர் கிதிஞ்சி மூச்சிரைக்க ஓடி வந்தார். "ஏம்மா, மிருகங்களைப் பாக்கத்தான் விருந்தாளிங்க காசு குடுத்து வந்திருக்காங்க! வெளிய போங்க!"

நாபிகி சேற்றிலேயே உட்கார்ந்தாள். "உங்க யானை எங்க புல்லுல மேயுது. சிறுத்தை எங்க பட்டியில ஆடு தூக்குது. நாங்க வேலி போட்டோமா?"

சாயங்காலம் போலீஸ் அவளை ஏற்றிக்கொண்டு போனது. மறுநாள் உச்சி வெயிலில் எல்லாக் குடிசைப் பெண்களும் மந்தையோடு போனோம். அதற்கடுத்த நாளும் போனோம். எத்தனை பேரைத்தான் ஏற்றுவார்கள்? அவளை விட்டுவிட்டார்கள். லெடோயேவை வேலையை விட்டு நீக்கினார்கள். அந்தக் கதவில் நிற்க எங்கள் ஆட்களில் வேறு எவனும் சம்மதிக்கவில்லை. அது திறந்தே கிடக்கிறது.

வந்ததும் வராததுமாக நாபிகி கொழுந்தன் வீட்டுக்குப் போனாள்.

"வேலை போச்சாமே?"

"ஆமா. சந்தோஷமா அண்ணி?"

"ரொம்ப சந்தோஷம். எந்திரி, என் ஆட்டை ஓட்ட ஆள் இல்ல."