கயிற்றில் முடியாத சீட்டு

கோயிலில் எடுக்கும் குறிச்சீட்டில் நற்குறி வாய்த்தால் அதனை மடித்து இடைக்கச்சில் செருகி இல்லம் கொண்டுசெல்வதும், தீக்குறி வாய்த்தால் அதனைக் கோயில் முன்றிலின் கயிற்றிலேயே முடிந்துவிட்டுத் திரும்பிப் பாராது நீங்குவதும், கமியூராத் துறையில் வாழ்வார் எவரும் வாய்திறந்து உரையாமலே வழிவழி காத்துவந்த நெறியாகும்.

குளிர்முற்றிய ஒரு மாதத்தின் முதல் வைகறை அது. ஈயம் உருக்கி வார்த்தாற்போல ஒளியிழந்து கிடந்த வடகடல், கரும்பாறைகளின்மேல் மோதி, மோதிய களைப்பில் நுரைத்து, நுரையும் உறைந்ததோ என ஐயுறுமாறு கரைநெடுகத் தேங்கிக் கிடந்தது. குன்றின்மேல் செந்நிறத் தோரணவாயில் பனிசுமந்து நின்றது. அதற்கப்பால், இரு கம்பங்களிடையே நிரைநிரையாக இழுத்துக் கட்டிய கயிறுகளில், ஊரார் விட்டுச்சென்ற தீக்குறிகள் அடிபட்ட கொக்கின் இறகுகளென நடுங்கிக்கொண்டிருந்தன. அறிவுடையீர், ஓர்ந்து பாருங்கள்: தீயவையெல்லாம் கயிற்றிலேயே தங்க, நல்லவை மட்டுமே வீடுசேரும் ஓர் ஊரில், நம்பிக்கை எங்ஙனம் சாகும்? சாகாத நம்பிக்கையினும் கொடிய நோய் வேறு உண்டோ?

அந்நோய் தோமே என்பாளின் இல்லத்தில் குடிகொண்டிருந்தது. அவள் மகன் தமோத்சு, சென்ற ஆண்டுக் கூதிர்ப் பருவத்தில் கணவாய் மீன் பிடிக்கச் சென்ற படகோடு கடலில் மறைந்தான். உடைந்த பலகைகள் சில கரைசேர்ந்தன. ஆடவர் ஒருவரும் சேர்ந்திலர். உடன்சென்றோர் வீட்டார், எலும்பு வைக்க வேண்டிய வெண்சாடியில் கரைமணலை அள்ளியிட்டு இறுதிக்கடன் முடித்து, அழுது, அழுது ஓய்ந்தும் போயினர். தோமே மட்டும் இசைந்திலள். இளவேனிலில் அவள் எடுத்த சீட்டு ஒன்றில், ‘எதிர்நோக்கும் ஆள்: காலம் தாழ்ப்பினும் வருவார்’ என்றிருந்தது. அன்றுமுதல் அச்சீட்டைக் கச்சில் சுமந்து, மாதந்தோறும் மருமகள் நொபுயேயை அழைத்துவந்து மீண்டும் மீண்டும் குறி கேட்பித்தாள். அழவும் ஒண்ணாது, எதிர்நோக்கவும் ஆற்றாது, கைம்பெண்ணும் ஆகாது மனைவியும் ஆகாது, பதினான்கு திங்களாகத் தேய்ந்துகொண்டிருந்தாள் நொபுயே.

“வாங்கக்கா,” என்றாள் சீட்டு வழங்கும் கட்சுயோ, கைகளை வாயருகே வைத்து ஊதியபடி. “இந்தக் குளிர்ல மருமகளையும் இழுத்துட்டு வந்துட்டீங்களா? மீனே நடுங்கிக்கிட்டு அடியில படுத்திருக்கு.”

“மீனுக்கு என்னடி, மாமியாரா இருக்கா? படுத்துக்கும்,” என்றாள் தோமே. “பெட்டியக் குடு.”

நொபுயே அறுகோணப் பேழையைக் குலுக்கினாள். துளைவழியே வெளிப்போந்த குச்சியின் எண்ணுக்குரிய சீட்டைக் கட்சுயோ எடுத்து நீட்டினாள். விரித்தாள் நொபுயே. விருப்பம்: நிறைவேறாது. இழந்த பொருள்: கிட்டாது. எதிர்நோக்கும் ஆள்: வாரார்.

எட்டிப் பார்த்த தோமே, கண்ணை உடனே வேறுபுறம் திருப்பிக்கொண்டாள். “கட்டு. எடது கையாலயே முடிச்சுப் போடு. கஷ்டப்பட்டுக் கட்டுனாத்தான் கெட்டது நல்லதாப் புரளும்.”

“போன மாசமும் எடது கையாலதான் கட்டுனேன், அத்தே.”

“வாயாடாத. இங்க கட்டிட்டாப் போதும், அது நம்ம வீட்டுக்கு வராதுடி.”

“அவரும்தான் வரல.”

நொபுயே கயிற்றருகே சென்றாள். முன்னைத் திங்களில் தான் முடிந்த சீட்டின் முனை பிரிந்து காற்றில் புரண்டது. மழையும் பனியும் எழுத்துகளைக் கழுவிவிட, எவரும் எதுவும் சொல்லாதது போல அத்தாள் வெறுமையாய்க் கிடந்தது. அவள் பின்னே வந்த தோமே, கச்சிலிருந்து இளவேனிற் சீட்டை எடுத்து நீட்டினாள்.

“இந்தா, படி. ‘வருவார்’னு போட்டிருக்கா இல்லையா? படிடி!”

நாள்தோறும் தடவித் தடவி, மடிப்புகள் கிழிந்து, எழுத்து முழுதும் தேய்ந்திருந்தது அச்சீட்டு. மழை அழித்ததற்கும் விரல் அழித்ததற்கும் வேற்றுமை ஒன்றுமில்லை.

“இதுல ஒண்ணுமே இல்ல, அத்தே,” என்றாள் நொபுயே, மிக மெல்ல.

பின்னர்த் தன் சீட்டை முடியாமலே திரும்பினாள்.

“ஏய், கட்டாமப் போற?” என்று கூவினாள் கட்சுயோ. “அதப் போயி வீட்டுக்கா எடுத்துட்டுப் போவாங்க? யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?”

“பாக்கட்டும் கட்சுயோக்கா. சாடியில மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரல. மண்ணு யாருக்கு வேணும்னாலும் பொதுவா கெடக்கு. இது அவரப் பத்திச் சொன்னது. இதத்தான் உள்ள வைக்கப் போறேன்.”

தோமே அவள் கையைப் பற்றவில்லை. தேய்ந்த தாளை மார்போடு அணைத்து, வெண்சீட்டுகளின் நடுவே தானும் ஒரு சீட்டெனக் கயிற்றைப் பிடித்து நின்றாள்.

நொபுயே தோரணவாயிலைக் கடந்து துறைத்தெருவில் இறங்கினாள். கணவாய் உலர்த்திக்கொண்டிருந்த பெண்டிர், அவள் உள்ளங்கையில் விரிந்திருந்த தாளைக் கண்டு, தம் கைகளைத் தாழ்த்தி வழிவிட்டு ஒதுங்கினர். எதிர்ப்பட்ட முதியவர் ஒருவர் முகத்தைச் சுவர்ப்புறம் திருப்பிக்கொண்டார். ஊர் முழுதும் காண, ‘வாரார்’ என்னும் ஒரு சொல்லை, கடல் திருப்பித் தந்த ஒரே உடைமையைப்போல ஏந்தி, விரல்களை மூடாமலே, தன் வீட்டு வாயிலை நோக்கி நடந்தாள் அவள்.