றம்லத்தின் பாரம்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் மசாலாக் கடை வைத்திருந்த மஹ்ரூபின் மகள் றம்லத்தை, அவள் பிறந்த ஏழாம் நாளிலிருந்து யாராலும் தூக்க முடியவில்லை. நாடு முதன்முதலாக வெளிநாட்டுச் சந்தையில் டொலர் பிணைமுறி விற்றுக் கடன் வாங்கிய வருஷம் அது. தேங்காய் விலையும் ஏறியிருந்தது. ஏழாம் நாள் வழக்கப்படி பிள்ளையின் முடியைக் களைந்து, அதன் எடைக்கு வெள்ளியைச் சதகாவாக ஏழைகளுக்குக் கொடுக்க மஹ்ரூப் ஏலக்காய் நிறுக்கும் சின்னத் தராசைக் கொண்டுவந்தார். ஒரு பிடி முடிக்குத் தட்டு தரையைத் தொட்டது. கடைசியில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் வைத்தபோது முள் ஒரு மூட்டையைத் தாண்டிப் போய் நின்றது. அவ்வளவு வெள்ளிக்கு அவர் எங்கே போவார்? இயன்றதைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பிறகு கொடுப்பதாக மனதில் நிய்யத்து வைத்தார். உள்ளே அவர் மனைவி ரபீகா பால் கொடுக்கப் பிள்ளையை எடுக்கப் போனாள். பிள்ளை பாயை விட்டு அசையவில்லை.

ரபீகாவின் தம்பி நளீர் கண்டி அரசாங்கக் கச்சேரியில் கணக்குப் பகுதியில் வேலையாக இருந்தான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை.

"நாட்டுக் கடனப் பிரிச்சா பொறக்கிற ஒவ்வொரு புள்ளக்கும் ஒரு பங்கு ஈக்கி ராத்தா. மத்த புள்ளைகளுக்கு அது பேப்பர்ல. இவக்கு மேல்ல எறங்கிட்டு."

"இந்தப் புள்ள ஆர்ட்ட கடன் வாங்கின?" என்று ரபீகா கேட்டாள். நளீர் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

கொடுபடாமல் நின்ற வெள்ளிதான் பிள்ளையை அழுத்துகிறது என்று ரபீகா நம்பினாள். தன் காப்புகளை விற்றாள். மஹ்ரூப் ஒரு வியாபாரியிடம் கைமாற்று வாங்கி வெள்ளி கொடுத்தார். அதைத் திருப்ப இன்னொருவரிடம் வாங்கினார். அரசாங்கமும் இப்படித்தான் சமாளிக்கிறது என்று நளீர் சொன்னான்; ஆறுதலாக இருக்குமென்று நினைத்திருப்பான். வெள்ளி முழுதும் கொடுத்து முடிந்த பிறகும் பாரம் அப்படியே இருந்தது. குற்றம் தன்னுடையதல்ல என்று தெரிந்த அன்றைக்குத்தான் ரபீகா உண்மையில் பயந்தாள். தன் பிழையென்றால் தானே திருத்தியிருப்பாள்.

றம்லத்துக்குத் தன் பாரம் தெரியாது. தன் காலில் நடந்தால் எறும்புகூடச் சாகாது. பாண்டி விளையாடினாள், பள்ளிக்கூடம் போனாள். படுத்தால்தான் வினை. கட்டில் முறிந்ததும் சிமெந்துத் தரையில் பாய் போட்டார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் பட்ஜெட் வாசிக்கும்போது, வரவு போதாமல் துண்டு விழுகிறது, அதைப் புதுக் கடனால் நிரப்புவோம் என்ற இடம் வந்ததும் அவள் படுக்கும் தரை நகக்கண்ணளவு இறங்கும். இரண்டு இலாகாக்களின் கணக்கு ஒத்துப்போகாத வருஷங்களில் கொழும்பிலிருந்து ஐயாமார் வந்து, எந்தக் கணக்கு சரியென்று பார்க்க அந்தப் பள்ளத்தை அளந்து, வட்டிலப்பம் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். காய்ச்சல் நாட்களில் ரபீகா அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் படுத்துத்தான் மகளை அணைத்துக்கொள்வாள். இடுப்பில் பிள்ளையோடு போகும் பெண்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குப் பொறாமைதான், அதை அவள் மறைத்ததுமில்லை.

றம்லத்துக்குப் பதினொரு வயதான ஜனவரியில் நாட்டுக் கடனில் பெரிய தவணை ஒன்று கட்டப்படும் என்று நளீர் சேதி கொண்டுவந்தான். கொஞ்சம் குறைந்தாலும் போதும் என்று ரபீகா காலையிலேயே குளித்து, மகளைப் படுக்கவைத்துக் காத்திருந்தாள். பகல் செய்தியில் கட்டியாயிற்று என்றார்கள். அவள் இரண்டு கைகளையும் கொடுத்துப் பார்த்தாள். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"அதக் கட்டுறதுக்குப் போன கெழமையே வேற எடத்துல எடுத்துட்டாங்களாம் ராத்தா" என்றான் நளீர்.

பிறகு டொலர் தீர்ந்துபோன அந்த நோன்பு மாதம் வந்தது. கேஸ் இல்லை, கரண்ட் இல்லை, மஹ்ரூப் பெற்றோல் வரிசையில் நின்றார். ரபீகா பின்வளவில் விறகு மூட்டிக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டுவதில்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டதாக நளீர் போனில் சொன்னான். அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். பள்ளத்தில் உறங்கிக்கிடந்த பதினாலு வயது மகள் ஒரே தூக்கில் கையோடு வந்தாள். பச்சைப் பிள்ளையின் பாரம்தான் இருந்தது. ரபீகா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்து சத்தமாக அழுதாள்.

"விடுங்க உம்மா, ஆக்கள் பாக்கிறாங்க."

"பாக்கட்டும்."

கஞ்சி அடிப்பிடித்துப் போனது. அன்றைக்கு அதைத்தான் குடித்தார்கள்.

கடன் கொடுத்தவர்களோடு பிறகு பேச்சு நடந்தது. கடன் போகவில்லை, தவணைதான் தள்ளிப்போயிருக்கிறது, இரண்டாயிரத்து இருபத்தெட்டில் மறுபடி கட்டத் தொடங்கவேண்டும் என்று நளீர் விளக்கினான். அன்றிலிருந்து ரபீகா மகளைக் கீழே விடுவதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் வெள்ளைச் சீருடையும் பர்தாவுமாக இருக்கும் றம்லத்தை இடுப்பில் தூக்கிப் பாலத்தைக் கடந்து கண்டி பஸ்ஸில் ஏறுவாள். அவளைவிட மகள் அரைச் சாண் உயரம். றம்லத்தும் வெட்கத்தை விட்டு, அடுத்த நாள் சோதனைக்கு உம்மாவின் மடியிலிருந்தே படிக்கப் பழகிக்கொண்டாள். மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்கு டிக்கட் எடுப்பதில்லை. கண்டக்டர் ஒரு டிக்கட்டை மட்டும் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.